9 மி.மீ. கல் யூரிட்டரில் நிற்கிறது: வெளியிலிருந்து உடைப்பதா, உள்ளே போய் எடுப்பதா?

வட்டைக்காரன் (கொக்கட்டிச்சோலை)

எல்லோருக்கும் வணக்கம். இடது பக்க நாரியில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்குகிற நோவு, சத்தியும் சேர்ந்து வந்தது. நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. சி.டி. ஸ்கேன் எடுத்ததில் இடது யூரிட்டரின் (சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்குச் சலம் இறங்குகிற குழாயின்) மேல் பகுதியில் 9 மி.மீ. கல், சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று ரிப்போட். அதில் 1150 எச்.யு. என்று ஒரு இலக்கமும் இருக்கிறது, அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. வயது 41, பிரஷருக்கு லோசார்டன் போடுகிறேன், சீனி வருத்தம் இல்லை.

சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது, மற்றது சலம் போகிற வழியாலேயே கமராவை விட்டு லேசரால் உடைப்பது. யோசித்துவிட்டு வரச் சொன்னார். மனைவிக்கு அதிர்வலைதான் விருப்பம், ஒப்பரேஷன் இல்லையே என்கிறார். மாமா ஒருவர் இரண்டும் வேண்டாம், கசாயம் குடித்தால் கரைந்துவிடும் என்கிறார். இதற்கிடையில் போன கிழமையிலிருந்து எனக்கு நோவே இல்லை. கல் இறங்கிவிட்டதோ என்றும் ஒரு நப்பாசை.

பெரும்போக நெல் வெட்டு வரப்போகிறது, அதனால் எதில் சீக்கிரம் எழும்பி வேலைக்குப் போகலாம் என்பதும் முக்கியம். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.


கல்லடி மிஸ்

தம்பி, நான் டொக்டர் இல்லை, ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்து ஓய்வெடுத்த தாதி. முடிவை உங்கள் டொக்டருடன்தான் எடுக்க வேண்டும், அங்கே போய் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இதை வாசியுங்கள்.

முதலில் அந்த நோவு இல்லாத விஷயம். கல் இறங்கினாலும் நோவு போகும், கல் அங்கேயே அடைத்துக்கொண்டு நின்றாலும் போகும். கல் குத்துவதால்தான் நோகிறது என்று சனம் நினைக்கிறது, ஆனால் பெரும்பகுதி நோவு மேலே சலம் தேங்கி அழுத்தம் சட்டென்று ஏறுவதால் வருவது. நாள் போகப்போக அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் சலம் வடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், நோவும் அடங்கிவிடும். அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும். மற்றச் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்வதால் சலம் வழமைபோலப் போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. கல் விழுந்ததைக் கண்ணால் கண்டீர்களா? இல்லையென்றால் இன்னொரு ஸ்கேன் எடுத்து, அது போய்விட்டது என்று தெரியும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக விழுமா என்றால், 5 மி.மீ.க்கு உட்பட்ட கல் மூன்றில் இரண்டு பேருக்கு விழுந்துவிடும். 5 முதல் 10 வரை உள்ளது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு. உங்களுடையது அந்த வரிசையில் கடைசி முனையில் நிற்கிறது, அதோடு குழாயின் மேல் பகுதியில் இருக்கிறது. கீழே மூத்திரப்பைக்குக் கிட்ட வந்த கல்லுக்கு இருக்கிற வாய்ப்பு இதற்கு இல்லை. காத்திருப்பதென்றாலும் நான்கு முதல் ஆறு கிழமைக்கு மேல் யாரும் விடமாட்டார்கள். டாம்சுலோசின் குளிசை தருவார்கள், அது குழாயைத் தளர்த்தும். 2015இல் பிரித்தானியாவில் செய்த பெரிய ஆய்வு ஒன்றில் அதற்கும் மருந்தில்லாத வெறும் குளிசைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு வந்த கணக்குகளைப் பார்த்தால் 5 மி.மீ.க்கு மேற்பட்டு கீழ்ப்பகுதியில் நிற்கிற கல்லுக்குக் கொஞ்சம் உதவுகிறது. பிரஷர் குளிசையோடு சேரும்போது எழும்பி நிற்கையில் தலை சுற்றும், வரம்பில் நடக்கிற ஆள் நீங்கள், கவனம்.

இனி அந்த 1150. அது சி.டி.யில் கல்லின் அடர்த்தி. 1000க்கு மேலே போனால் கடினமான கல், அதிர்வலைக்கு லேசில் உடையாது. உடம்பு பருத்தவர்களுக்குத் தோலிலிருந்து கல்வரை தூரம் கூட, அப்போதும் அலையின் பலம் குறைந்துதான் போய்ச் சேரும். நீங்கள் மெலிந்த ஆளா என்று தெரியவில்லை. 10 மி.மீ.க்கு உட்பட்ட கல் மேல் யூரிட்டரில் இருந்தால் இரண்டு வழியும் சரிதான், அதனால்தான் டொக்டர் உங்களிடம் விட்டிருக்கிறார். ஒரே தடவையில் கல் போய் முடிவது என்று பார்த்தால் லேசர் முந்தும். உடம்புக்குத் தொந்தரவு குறைவு என்று பார்த்தால் அதிர்வலை. உங்கள் 1150ஐ வைத்து என்னைக் கேட்டால் நான் லேசர் பக்கம்தான் சாய்வேன்.

அப்புறம் மனைவியிடம் சொல்லுங்கள், லேசரிலும் வெட்டு இல்லை, தையல் இல்லை. முதுகில் ஊசி போட்டு அல்லது மயக்கி, சலம் போகிற வழியால்தான் உள்ளே போவார்கள். ஆபத்தே இல்லையென்று சொல்லமாட்டேன். குழாயில் கீறல் விழலாம், கிருமி ஏறலாம், மேலே நிற்கிற கல் தண்ணீர் வேகத்தில் திரும்பிச் சிறுநீரகத்துக்குள் ஓடிவிடலாம். ஓடினால் வளைகிற கமரா வைத்துப் பிடிக்க வேண்டும், அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் யோசிக்க வேண்டாம். காய்ச்சல், நடுக்கம் வந்தால் இரவென்றும் பாராமல் போதனா வைத்தியசாலைக்கு வந்துவிடுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி ஏறினால் சில மணித்தியாலத்தில் ஆள் விழுந்துவிடும். அந்த நேரத்தில் கல்லை உடைக்க மாட்டார்கள், முதலில் குழாய் வைத்துத் தேங்கியதை வடிய விடுவார்கள், கல் பிறகு. சலம் அறவே போகாமல் நின்றாலும் அப்படித்தான்.


சாய்ந்தமருது நானா

தம்பி, நான் அதிர்வலை எடுத்தவன், அதனால் அந்தப் பக்கம் சொல்கிறேன். எனக்குக் கல் சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தது, 11 மி.மீ. மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நாரிக்குக் கீழே தண்ணீர் நிறைந்த ஒரு பை வந்து ஒட்டும். மயக்கம் இல்லை, நோவுக்கு ஊசி மட்டும். டக் டக் என்று சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் ரப்பர் பட்டியை இழுத்து முதுகில் விட்டது மாதிரி ஒரு அடி. மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுவார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். சலம் சிவப்பாகப் போனதைப் பார்த்து உம்மாதான் பயந்துவிட்டார், அது வழமையானது என்று முதலே சொல்லியிருந்தார்கள்.

நல்லதெல்லாம் அதுவரைதான். கல் உடைந்தது, ஆனால் உடைந்த துண்டெல்லாம் நான்தான் சலத்தோடு தள்ள வேண்டும், அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. தேத்தண்ணி வடியில் பிடித்துப் பார்த்தேன், குருமணல் மாதிரி மண்ணிறத்தில் வந்தது. பிறகு வருவது நின்று பழைய நோவு தொடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் துண்டுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் குழாயின் அடியில் வரிசை கட்டி நிற்கின்றன. கடைசியில் எனக்கும் கமரா விட்டு எடுத்துத்தான் முடிந்தது. இதற்காக அதிர்வலை கூடாது என்று சொல்லவில்லை. என் மச்சானுக்கு 7 மி.மீ., மென்மையான கல், ஒரே தரத்தில் பொடியாகிப் போய்விட்டது. வருகிற கிழமையே கடைக்குப் போய்க் கல்லாவில் இருந்தார். மிஸ் சொல்கிற அடர்த்திக் கணக்கு எனக்கும் அவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று, அஸ்பிரின், வார்பரின் மாதிரி இரத்தம் இளக்கிற குளிசை போடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் அந்த மேசையில் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது அறவே கிடையாது. உங்களுக்கு இரண்டுமில்லை, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.


ஆரையம்பதி அக்கா

லேசர் என்றால் ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள் தம்பி, கல் ஒரு நாளில் முடியும், ஸ்டென்ட் முடியாது. என் கணவருக்குச் செய்தபோது டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்துத்தான் விட்டார்கள். இரண்டு பக்கமும் சுருண்டிருக்கும், மேல் சுருள் சிறுநீரகத்துக்குள், கீழ்ச் சுருள் மூத்திரப்பைக்குள். குழாய் வீங்கி அடைபடாமல் இருக்க வைப்பது. அது இருந்த காலம் முழுக்க மனுசனுக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் சலம் முட்டும், போகும்போது நாரிப்பக்கம் சுள்ளென்று இழுக்கும், கொஞ்சம் நடந்தால் சலத்தில் இரத்தம் தெரியும். மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலம் தாண்டிப் போய்வந்த அன்று படுக்கையில்தான். நாங்கள் பயந்து ஓடிப்போனோம், இது எல்லாம் வரக்கூடியதுதான் என்று குளிசை தந்து அனுப்பினார்கள். எல்லோருக்கும் இவ்வளவு இல்லையாம், சிலருக்கு உள்ளே இருப்பதே தெரியாதாம்.

தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பெடியன், ஸ்டென்ட் வைத்த கையோடு விசா வந்துவிட்டது என்று கட்டாருக்குப் போய்விட்டான். வைத்த தனியார் ஆஸ்பத்திரியில் துண்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்ததோடு சரி, கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை, அவனுக்கும் நோவில்லாததால் நினைவில்லை. லீவில் வந்தபோது படம் எடுத்தால் குழாயைச் சுற்றிக் கல் வளர்ந்து, மேல் சுருள் இழுத்தால் வராத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. முதல் கல்லுக்குப் பட்டதைவிட அதை எடுக்கப் பட்டபாடு பெரிது. மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவைக்கிற சாமான் இல்லை அது, அனேகமாகச் சில கிழமையிலேயே எடுத்துவிடுவார்கள். எடுக்கிற திகதியை மனைவியின் போனிலும் போட்டு வையுங்கள். எடுப்பது பெரிய வேலை இல்லை, மரக்கச் செய்கிற ஜெல் பூசிக் கமராவை விட்டு இழுப்பார்கள், சில நிமிடம், அந்தச் சில நிமிடம் கொஞ்சம் சங்கடம்தான்.

ஸ்டென்ட் வைக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். கல் சுத்தமாகப் போய், குழாயில் காயமும் இல்லையென்றால் சிலருக்கு வைக்காமலே விடுகிறார்களாம்.


அக்கரைப்பற்று மகன்

இந்த இரண்டையும் விட்டு மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, உங்களுக்கு அது வேண்டிவராது, பெரிய கல்லோடு யாராவது இதை வாசித்தால் உதவும். உம்மாவுக்கு மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட கல், சிறுநீரகம் நிறைய. 20 மி.மீ.க்கு மேலே போனால் முதுகுப் பக்கம் சின்னத் துவாரம் போட்டு நேரே சிறுநீரகத்துக்குள் இறங்கி உடைத்து எடுக்கிற பி.சி.என்.எல். தான் முதல் தெரிவு. அதற்கு வார்ட்டில் சில நாள் கிடக்க வேண்டும், இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று முதலே கையெழுத்து வாங்கினார்கள், ஆனால் எங்களுக்கு ஏற்ற வேண்டி வரவில்லை. அந்த மாதிரிக் கல் பெரும்பாலும் திரும்பத் திரும்பச் சலத்தில் கிருமி வருகிறவர்களுக்குத்தான் வளருமாம், உம்மாவுக்கும் அதே கதை. ஆகவே கல்லை எடுத்தாலும் கிருமிக்கு வைத்தியம் நிற்காது.


திருக்கோவில் மூலிகை

எல்லோரும் கமராவையும் லேசரையும் சொல்கிறீர்கள். எங்கள் பெரியவர்கள் நெருஞ்சி முள்ளையும் தேங்காய்ப்பூக்கீரையையும் அவித்துக் குடித்தும் வாழைத்தண்டுச் சாறு எடுத்தும் கல்லடைப்பைப் போக்கவில்லையா? 9 மி.மீ.க்குத் தியேட்டர் ஏறச் சொல்வது அதிகம். ஒரு மாதம் குடித்துப் பார்க்கட்டும்.


கல்லடி மிஸ்

ஐயா, குடித்துக் கல் போனவர்களை நானும் கண்டிருக்கிறேன், அவர்களுடைய கல் 4, 5 மி.மீ. பச்சைத் தண்ணீர் குடித்திருந்தாலும் போயிருக்கும். உண்மையாகக் கரைகிற கல் ஒன்று இருக்கிறது, யூரிக் அமிலக் கல். அதற்கு சிட்ரேட் மருந்து கொடுத்துச் சலத்தின் புளிப்பைக் குறைத்தால் கத்தி, கமரா எதுவுமில்லாமல் கரையும். ஆனால் அந்தக் கல் அடர்த்தி குறைந்தது, சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. 1150 அடர்த்தி உள்ளது அனேகமாகக் கல்சியம் ஒக்சலேட், எந்தக் கசாயத்துக்கும் அது கரையாது.

தேங்காய்ப்பூக்கீரை என்று நீங்கள் சொல்வதுதான் கடையில் பொல்பலா என்று பைக்கற்றில் வருவது, இடைக்கிடை குடிப்பதில் பிழையில்லை. கல்லுக்கு நல்லதென்று காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் வெறும் வயிற்றில் சாறு பிழிந்து குடிப்பதுதான் எனக்குப் பயம். இரண்டிலும் கல்லை உண்டாக்குகிற அந்த ஒக்சலேட் மிக அதிகம். பிலிம்பிச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரளத்திலும், காமரங்காயால் அப்படி ஆனவர்களைப் பற்றி நம் நாட்டிலும் டொக்டர்மார் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு பக்கம் அடைபட்ட ஆளுக்கு இந்தச் சோதனை தேவையா?

வட்டைக்காரன் தம்பிக்கு இன்னொரு கேள்வி. நோவு வந்தபோது பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டீர்களா? கல் நோவுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் லோசார்டனும் அடைப்பும் இருக்கும்போது சொந்தமாக வாங்கித் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று ரிப்போட்டில் பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது அதுதான்.


வட்டைக்காரன் (கொக்கட்டிச்சோலை)

எல்லோருக்கும் பெரிய நன்றி. டைக்ளோபெனாக் வீட்டில் ஒரு அட்டை கிடந்தது, நிறுத்திவிட்டேன். இங்கே சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். கிரியாட்டினின் சாதாரண அளவில்தான் இருக்கிறது, எக்ஸ்ரேயில் கல் அதே இடத்தில் அசையாமல் நிற்கிறது. நோவில்லை, கல் இருக்கிறது, மிஸ் சொன்னதேதான்.

அடர்த்தியைப் பற்றிக் கேட்டதும் டொக்டர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, நீங்களே வாசித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், அப்படியானால் லேசர்தான் என்றார். வளைகிற கமரா தேவைப்பட்டால் என்ன செய்வது, ஸ்டென்ட் எப்போது எடுப்பது எல்லாம் கதைத்தோம். ஸ்டென்ட் எடுக்கும்வரை மூடை தூக்கக் கூடாதாம், வட்டைக்குப் போய் வரம்பில் நின்று பார்க்கலாமாம். வெட்டு இப்போது மெஷின்தானே, மச்சான் பார்த்துக்கொள்வார். மனைவிக்கு வெட்டுத் தையல் இல்லை என்றதும் முகம் மாறிவிட்டது. மாமாவுக்குத்தான் கோபம்.

இரண்டு கேள்வி மிச்சம். திகதி வரும்வரை தண்ணீரை அள்ளிக் குடித்தால் கல் தள்ளுப்பட்டு வருமா? இரண்டாவது, பால், தயிர் எல்லாம் விடச் சொல்லி ஒரு பக்கத்து வீட்டு அறிவுரை, அப்பாவுக்கும் கல் இருந்ததால் இனி எனக்கும் திரும்ப வருமென்று பயமாக இருக்கிறது.


கல்லடி மிஸ்

தள்ளுப்படாது. அடைத்து நிற்கும்போது அளவுக்கு மீறிக் குடித்தால் மேலே அழுத்தம் கூடி நோவுதான் திரும்பும். தாகத்துக்கு ஏற்றபடி சாதாரணமாகக் குடியுங்கள். அள்ளிக் குடிக்க வேண்டியது கல் போன பிறகு. ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லீட்டர் சலம் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். சாதாரண ஆளுக்கு மூன்று லீட்டர் காணும், சித்திரை வெயிலில் வட்டையில் நிற்கிற ஆளுக்குக் காணாது. விடிய ஒரு பிளேன்டீயோடு போய் மத்தியானம்வரை தண்ணீர் தொடாமல் நிற்கிறீர்களே, கல் விளைகிறது அங்கேதான். சலத்தின் நிறம் வைக்கோல் நிறத்தைவிடக் கடுமையாகப் போனால் போத்தலை எடுங்கள். படுக்கப் போகுமுன் ஒரு கிளாஸ்.

பால், தயிரை விடவேண்டாம். கல்சியம் கல் என்றதும் எல்லோரும் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள், அது தலைகீழ். சாப்பாட்டோடு வருகிற கல்சியம் குடலிலேயே ஒக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும், அதை நிறுத்தினால் ஒக்சலேட் கூடுதலாகச் சலத்துக்கு வரும். தயிரை வாவிக்கரையில் இருந்துகொண்டு விடச் சொல்ல எப்படி மனம் வந்ததோ! விடவேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், மிக்சர், சோற்றுக்கு மேலே போடுகிற உப்பு. உப்புக் கூடினால் கல்சியமும் சலத்தில் கூடும். இறைச்சியையும் அளவோடு வையுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது, சிட்ரேட் இருக்கிறது, சீனியும் உப்பும் அள்ளிப் போடாமல் குடியுங்கள்.

திரும்ப வருமா என்றால், அப்பாவுக்கும் இருந்ததால் வரக்கூடிய ஆள்தான் நீங்கள். ஆகவே எடுக்கிற அன்று கல்லுத்துண்டைச் சோதனைக்கு அனுப்புவீர்களா என்று டொக்டரிடம் கேளுங்கள், என்ன கல் என்று தெரிந்தால்தான் பிறகு எதைக் குறைப்பது என்று சரியாகச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு சலத்தோடு துண்டு விழுந்தாலும் வீச வேண்டாம், வடியில் பிடித்துக் காயவிட்டு ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.


சாய்ந்தமருது நானா

அந்த வடியைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோகாதீர்கள் தம்பி. எங்கள் வீட்டில் அதற்கு நடந்த சண்டை கல் நோவைவிடப் பெரிது.